'தற்காலப் போலி' இல்லீங்க, புழக்ககாலக் கள்ளக்காசு

பழைய வெள்ளிக்காசு பத்தி எழுதுறவங்க கான்டெம்பரரி கவுன்டர்ஃபிட்டைத் 'தற்காலப் போலி'ன்னு போடுறதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போச்சு. அர்த்தமே தலைகீழாயிடுது. அசல் காசு புழங்குன காலத்துலயே, கடைவீதில மாத்துறதுக்குன்னு அடிச்ச கள்ளக்காசுக்குத்தான் அந்தப் பேரு. இப்ப அடிச்சு, சேகரிக்கிறவங்க தலையில கட்டுற சரக்கு வேற.

லத்தீன்ல 'கான்' கூட, 'டெம்புஸ்' காலம், அதாவது ஒண்ணோட காலத்துல கூடவே இருந்தது. கவுன்டர்ஃபிட் பழைய பிரெஞ்சு வழியா வந்தது, அசலுக்கு எதிரா செஞ்சது. அவ்வளவுதான்.

'சமகாலப் போலி'ன்னு வைக்கலாமேன்னு சிலர் விடாம வாதாடுறாங்க. சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனா சமகால இலக்கியம், சமகால அரசியல்னு படிச்சுப் பழகுன கண்ணு அதையும் இன்னைக்குச் செஞ்சதுன்னுதான் எடுத்துக்கும், அப்புறம் அந்த மொழிபெயர்ப்பால என்ன பிரயோஜனம்? 'அக்காலப் போலி' கொஞ்சம் தேவலாம், அதுலயும் ஓட்டை இருக்கு. ஸ்பெயினோட எட்டு ரியால் காசை எடுத்துக்குங்க, சுமார் 27 கிராம் வெள்ளிக்காசு, அமெரிக்காவுல கூட 1857 வரைக்கும் சட்டப்படி செல்லுச்சு. அதோட கள்ளக்காசு ஒண்ணுல மேல 1795ன்னு போட்டிருக்கும், உள்ள பார்த்தா செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர், ஐரோப்பாவுல அந்தக் கலவையை 1820-கள்லதான் தொழில்முறையா செய்ய ஆரம்பிச்சாங்க, அப்போ தேதிக்கு ரொம்பப் பின்னாடி அடிச்ச காசு அது, ஆனா அசல் அப்பவும் கைமாறிக்கிட்டிருந்ததால அதுவும் கான்டெம்பரரிதான். காலத்தை முடிவு பண்றது காசு மேல இருக்கிற வருஷம் இல்ல, புழக்கம். அதனாலதான் 'புழக்ககாலக் கள்ளக்காசு'ங்கிறேன்.

போலின்னு சொன்னா ஞாபகத்துக்கு வாங்குற நகலும் அதுல சேர்ந்துடும். செல்லாக்காசுன்னும் சொல்லக்கூடாது, அரசாங்கம் திரும்ப எடுத்துக்கிட்ட நல்ல காசும் செல்லாக்காசுதான், கள்ளக்காசோ யாரும் கண்டுபிடிக்கிற வரைக்கும் நல்லாவே செல்லும். கள்ளநோட்டுன்னு தினமும் சொல்றோம், கள்ளக்காசுன்னு எழுத மட்டும் ஏன் கூச்சம்? காசு நோட்டம் பாக்குறவருக்கு வண்ணக்கன்னு தனிப்பேர் இருந்த மொழி இது, சங்கப் புலவர்கள் பேர்லயே அது இருக்கு. அகராதியில முதல்ல கண்ணுல பட்ட அர்த்தத்தை எடுத்து ஒட்டுறவங்க காசைக் கையில எடுத்துக்கூடப் பாக்கலைன்னு அப்பட்டமா தெரியுது.

இந்தக் குழப்பத்தால நெஜமாவே நஷ்டம் வருது. எட்டு ரியாலோட ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவு தண்ணியைவிட எத்தனை மடங்கு கனம்ங்கிற எண், 10-க்கு மேல இருக்கணும், 9-க்குக் கீழ வந்தா வெள்ளிக்காசு இல்லைன்னு முடிவு பண்ணிடலாம், ஆனா எந்தக் காலத்துக் கள்ளம்னு அந்த எண் சொல்லாது. அதுக்கு விளிம்பு வேலைப்பாடு, தேய்மானம், மேல்பூச்சு எல்லாம் பாக்கணும். செம்பு மேல வெள்ளித்தகடை உருக்கி ஒட்டுற ஷெஃபீல்டு முறை 1740-கள்லயே வந்துடுச்சு, மின்முலாம் பூசுறது 1840 வாக்குலதான் தொழிலாச்சு. இதையெல்லாம் பார்த்து, பழைய கள்ளம்தான்னு கண்டுபிடிச்சு வச்ச காசு மேல 'தற்காலப் போலி'ன்னு சீட்டு ஒட்டுனா, அடுத்து வர்றவர் அதைக் குப்பைன்னு தூக்கிப் போட்டுடுவார்.