'நான் மெதுவாத்தான் போட்டேன் மாஸ்டர்'

பாக்ஸிங் பயிற்சியில் ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று போடும் பயிற்சிச் சண்டை என்றால் இந்தக் காட்சி அநேகமாகத் தவறாது. 'லைட்டா போங்கப்பா' என்று சொல்லித்தான் மாஸ்டர் ஆரம்பித்து வைப்பார். முதல் நிமிடம் தொட்டுத் தொட்டு விளையாடுவார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் மூக்கில் ரத்தம். விலக்கிவிட்டுக் கேட்டால் இருவரும் ஒரே பதில் சொல்வார்கள்: 'நான் மெதுவாத்தான் போட்டேன் மாஸ்டர், அவன்தான் ஏத்தினான்.'

வேடிக்கை என்னவென்றால், இருவருமே பொய் சொல்லவில்லை.

2003-இல் 'சயின்ஸ்' இதழில் லண்டன் ஆய்வாளர்களின் சோதனை ஒன்று வெளியானது. இரண்டு பேர் மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வேண்டும். 'உனக்குக் கிடைத்த அதே அழுத்தத்தைத் திருப்பிக் கொடு' என்பதுதான் இருவருக்கும் தனித்தனியே சொல்லப்பட்டது. அடுத்தவருக்கு என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. அழுத்தம் அப்படியே நின்றிருக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு முறையும் சராசரியாக 38 சதவீதம் ஏறியது. அதே வீதத்தில் போனால் ஐந்து முறை கைமாறுவதற்குள் ஐந்து மடங்கு!

கைக்குக் கட்டளை அனுப்பும்போதே, அதனால் என்ன உணர்வு திரும்பி வரும் என்று மூளை கணித்து, அதில் ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதனால்தான். ஆக, நான் கொடுக்கும் அடி எனக்குக் குறைவாகத் தெரியும். வாங்கும் அடி முழுசாகத் தெரியும். விரலால் நேரடியாக அழுத்தாமல், ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி மோட்டார் வழியாக அழுத்தச் சொன்னபோது ஏறக்குறையச் சரியாகவே அழுத்தினார்கள்.

விரலுக்கே இப்படி என்றால் முஷ்டிக்குக் கேட்கவே வேண்டாம். அங்கே பயமும் ரோஷமும் வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் 'பாதி பலத்தில் அடி' என்ற கட்டளையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாதி எது என்று அளக்கும் கருவியே பழுது. 'பாதி வேகத்தில் அடி' என்பது தேவலை. வேகம் வெளியில் நிற்பவர் கண்ணுக்கும் தெரியும். போதாததற்கு, இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசிதான்.

பெரிய கிளவுஸ் போட்டால் போதும் என்பார்கள். 16 அவுன்ஸ் கிளவுஸ் அடியைப் பரப்பிவிடும், முகம் கிழியாது, சரி. ஆனால் தலை வெடுக்கென்று திரும்பும்போது உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்திவிடாது.

அப்புறம், அளவை யார் சொல்வது? வாங்குபவர்தான். அவர் 'கொஞ்சம் குறை' என்றால் வாதாடாமல் குறைத்துவிட வேண்டும். அந்த அடியில் அவர் மூளை எதையும் கழித்துக்கொள்ளவில்லை.