ஒரே மரபணுவை நீக்கினாலும் ஒரே மாதிரி புரை விழுவதில்லை

கண் லென்ஸுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. ஒளியை மறிக்கும் என்பதால், உள்ளே இருக்கும் நார் செல்கள் தங்கள் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும்கூட அழித்துவிடுகின்றன. அதன்பின் அவற்றால் புதுப் புரதம் செய்ய முடியாது. இருக்கும் கிரிஸ்டலின் புரதமே ஆயுள் முழுக்கத் தெளிவாக நிற்க வேண்டும். இந்தச் செல்களுக்கிடையே அயனிகள் போய்வரும் வழிகளை அமைப்பவை கானெக்ஸின் 46, கானெக்ஸின் 50 என்ற இரு புரதங்கள்.

கானெக்ஸின் 46 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 1997-ல் உருவாக்கினார்கள். முதலில் லென்ஸ் ஒழுங்காகவே வளர்ந்தது. சில வார வயதில் நடுப்பகுதி வெளுக்கத் தொடங்கியது. காரணம் படிப்படியாகத் தெளிவானது: வழி அடைபட்டதால் உள்ளே கால்சியம் தேங்குகிறது, அது கால்பெயின் நொதியைத் தூண்டுகிறது, நொதி காமா கிரிஸ்டலினை வெட்டுகிறது, வெட்டுப்பட்ட துண்டுகள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. கால்பெயின் 3 மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது புரை தாமதமாக வந்தது. ஒரு நோயின் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்க்க இப்படி இரட்டை நீக்கம் செய்வதுதான் சிறந்த வழி.

ஆனால் இதே நீக்கம் 129 இன எலியில் கடும் புரையைத் தருகிறது, சி57பிஎல்/6 இனத்தில் லேசான புரையைத்தான் தருகிறது. மற்ற மரபணுக்களும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. அதுமட்டுமல்ல, 129 இனத்தில் சிபி49 என்ற லென்ஸ் இழைப் புரதம் இயல்பிலேயே இல்லை. எனவே ஆய்வைத் தொடங்குமுன் பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்து சிபி49-ஐச் சரிபார்க்க வேண்டும். எலிகளைப் பத்துத் தலைமுறை ஒரே இனத்தோடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு அதே ஈற்றில் பிறந்த, நீக்கம் இல்லாத எலியையே எடுக்க வேண்டும். உடல் முழுக்க அல்லாமல் லென்ஸ் உள்ளிட்ட கண்ணின் முன்பகுதியில் மரபணுவை நீக்க, மரபணுவை வெட்டும் கிரே நொதியைச் சுமக்கும் எல்இ-கிரே எலியைப் பயன்படுத்தினால், கிரே மட்டும் உள்ள எலிகளும் ஒப்பீட்டில் இருந்தாக வேண்டும். சில இனங்களில் கிரேயே லென்ஸைக் கெடுக்கிறது.

பொய்ப் புரை இதைவிட எளிதாக ஏமாற்றிவிடும். 1% டிராபிகமைடு சொட்டுமருந்தால் கண்மணியை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்கையில், கெட்டமைன்–சைலசின் மயக்கத்தில் கிடக்கும் ஆரோக்கியமான எலியின் லென்ஸும் வெளுக்கும். மயக்கம் தெளிந்தபின் அது மறைந்துவிடும். ஆகவே கண்ணை ஈரமாக வைத்து, சோதனையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். வெளியே எடுத்த இளம் எலியின் லென்ஸ் குளிர்ந்தாலும் நடுவில் வெண்மை படரும். காமா கிரிஸ்டலின் கரைசலிலிருந்து பிரிவதே காரணம். ஐஸில் வைத்த லென்ஸைப் படமெடுத்து முடிவு சொல்லக் கூடாது. 37 டிகிரி செல்சியஸ் திரவத்துக்கு மாற்றி, வெண்மை போகிறதா என்று பார்க்க வேண்டும்.

மனிதர்களில் கானெக்ஸின் 46 குறையால் வரும் பிறவிப் புரைக்குப் பெரும்பாலும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மாறினாலே போதும். எலியில் ஒரு பிரதியை நீக்கினால் லென்ஸ் தெளிவாகவே இருக்கிறது. புரதம் இல்லாமற்போவதும் கெட்ட புரதம் இருப்பதும் வேறு வேறு. அதனால் குடும்பங்களில் கண்ட அதே டிஎன்ஏ எழுத்து மாற்றத்தை எலியின் மரபணுவில் புகுத்தும் நாக்-இன் முறை தேவைப்படுகிறது. அப்போதும் எலி லென்ஸ் ஏறக்குறைய உருண்டையானது, காமா கிரிஸ்டலின் மிகுந்தது, கிட்டப் பார்வைக்காக வடிவம் மாறாதது என்பதைக் கணக்கில் கொண்டே முடிவுகளை மனிதக் கண்ணோடு பொருத்த வேண்டும்.