வாயில் இருக்கும் பதில் ஏன் நோட்டுக்கு வருவதில்லை?

நாலாம் வகுப்புப் பையன். அவனுடைய அம்மா அறிவியல் நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தார். பக்கத்துக்கு இரண்டு வரி, மூன்று வரி, அப்புறம் வெறும் தாள். ஓரத்தில் சிவப்பு மையில் 'முடிக்கவில்லை'. அடுத்த பக்கத்திலும் அதேதான்.

"கேட்டா எல்லாம் டாண் டாண்னு சொல்றான் மேடம். எழுதச் சொன்னா மட்டும் பாத்ரூம் வருது, தண்ணி தவிக்குது, பென்சில் காணாம போகுது. வீட்டுல எல்லாரும் சோம்பேறின்னு முடிவு பண்ணிட்டாங்க."

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைத் தாமாகச் செய்ய உதவும் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்தப் பேச்சை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவேன். அவனிடம் செடி தன் சாப்பாட்டை எப்படிச் செய்கிறது என்று கேட்டேன். வேர் தண்ணீரை உறிஞ்சுவது, இலை கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வது, வெயில் எதற்கு என்று வரிசையாகச் சொன்னான். "அப்ப ராத்திரி செடி என்ன பண்ணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். சரி, பாடம் புரிந்திருக்கிறது. புரிந்ததற்கு மேலேயும் யோசிக்கிறான்.

பிறகு, "தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் உணவு தயாரிக்கின்றன" என்று போர்டில் எழுதி, பார்த்து எழுதச் சொன்னேன். ஆறே சொற்கள். அதற்கு அவன் பத்தொன்பது முறை தலையைத் தூக்கிப் பார்த்தான். 'தா' எழுதினான், நிமிர்ந்தான். 'வ' எழுதினான், நிமிர்ந்தான். ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தைப் போர்டிலும் தேட வேண்டும், நோட்டிலும் தேட வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறிப் பென்சிலை நெரித்தது. நகம் வெளுத்துவிட்டது. எழுதிய தாளைப் புரட்டினால் மூன்றாவது பக்கம்வரை எழுத்தின் தடம் இருந்தது. அந்த ஒரு வரிக்கு நாலு நிமிடம் ஆயிற்று. முடித்ததும் கையை உதறிக்கொண்டு, "இன்னும் எத்தனை மிஸ்?" என்றான்.

நாலு நிமிடத்துக்கு ஒரு வரி என்றால், நாற்பது நிமிடப் பீரியடில் மொத்தமே பத்து வரி. ஆசிரியர் போர்டில் இருபது வரி எழுதி அழித்திருப்பார். நோட்டு வேறு எப்படி இருக்கும்?

நமக்கு எழுத்து சைக்கிள் ஓட்டுவது மாதிரி. கை பாட்டுக்குப் போகும், மனது அடுத்த வாக்கியத்தில் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து அப்படித் தானாக ஓடுவதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் வளைப்பது, எவ்வளவு அழுத்துவது என்று நினைத்து நினைத்து வரைகிறார்கள். ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது எல்லோருக்கும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எழுத்தின் வடிவமே எடுத்துக்கொண்டால், சொல்ல வந்த பதில் நழுவிவிடும். பாதி வாக்கியத்தில் நின்று ஜன்னலைப் பார்க்கும் பிள்ளையைப் 'பராக்குப் பார்க்கிறான்' என்று திட்டுகிறோம். பல நேரம் நழுவிப்போன பதிலைத்தான் அவன் தேடிக்கொண்டிருக்கிறான்.

தமிழ் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது 'க்' ஒலி, பின்னால் 'ஒ'. ஆனால் கை முதலில் கொம்பைப் போட வேண்டும், அப்புறம் 'க', கடைசியில் கால். வாய் ஒரு வரிசையிலும் கை வேறு வரிசையிலும் போகிறது. இதைப் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குள் பழகிவிடுவார்கள். பழகாத பிள்ளை, ஒலியைச் சொல்லிச் சொல்லி எழுதும்போது ஒவ்வொரு கொம்பிலும் தடுக்கி நிற்கும். பேச்சில் நாம் ஒன்றாகவே சொல்லிவிடும் ன, ண குழப்பம் அதற்கு மேல்.

எழுதுவதில் வரும் இந்தக் குறைபாட்டுக்கு டிஸ்கிராஃபியா என்று பெயர். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறிவு கூடுதலாக இருந்தால் கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்புவதும் பொருத்துவதுமாகப் போய்விடும். கெட்டிக்காரப் பிள்ளை நினைவாற்றலை வைத்தே சமாளித்துவிடும். மூன்று, நாலாம் வகுப்பில் கேள்வி-பதில் வந்ததும் வண்டி நின்றுவிடும். "போன வருஷம்வரை நல்லாத்தானே படிச்சான், இப்பத் திமிர்" என்று வீட்டில் சொல்வது அப்போதுதான்.

நோட்டு முடியாததற்குக் காரணம் எப்போதும் எழுத்துக் குறைபாடுதான் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். போர்டு மங்கலாகத் தெரிகிறது என்பதே பல குழந்தைகளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். சில பிள்ளைகள் ஆரம்பித்த வேகத்தில் அழகாக எழுதி, பாதியில் விட்டுவிட்டு வேறெதிலோ மூழ்கிவிடுவார்கள். அது கவனக்குறைபாடாக இருக்கலாம். ஓடியாடிக் குறும்பு செய்யும் பையனைப் பள்ளி உடனே கவனித்துவிடும். கடைசி பெஞ்சில் அமைதியாகக் கனவில் இருக்கும் பெண் குழந்தையை யாரும் கவனிப்பதில்லை. இன்னொன்று, அரிதாக வருவதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குழந்தை ஒரு நாளில் பல முறை சில நொடிகள் அப்படியே உறைந்து வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காதது போலத் தொடர்ந்தால், கூப்பிட்டாலும் அந்த நொடிகளில் திரும்பாவிட்டால், குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒருவகை வலிப்பு அப்படித்தான் வரும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் நிறுத்த வேண்டியது 'ஐம்பது தடவை எழுது' என்பதை. களைத்த கை, கோணலான எழுத்தைத்தான் ஐம்பது தடவை பழகும். இன்னொரு கொடுமை, நோட்டை முடிக்கச் சொல்லி பி.டி. பீரியடைப் பறிப்பது. தோளும் முதுகும் வலுவாக இருந்தால்தான் விரல் நிதானமாக ஓடும். விளையாட்டு மிகவும் தேவைப்படும் பிள்ளையையே வகுப்பில் உட்கார வைக்கிறோம்.

எழுதும் இடத்தைப் பாருங்கள். கட்டிலில் குப்புறப் படுத்தோ, கால் அந்தரத்தில் தொங்கவோ எழுதினால் எந்தக் கையும் சோர்ந்துவிடும். பாதம் தரையில் பட வேண்டும். எட்டவில்லை என்றால் ஒரு பலகையைப் போடுங்கள். சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். புளியங்கொட்டையோ சோழியோ வைத்துப் பல்லாங்குழி ஆடுங்கள். விரல் நுனியால் ஒவ்வொன்றாகக் குழியில் போடுவது, நான் பணம் கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சில சாதனங்களைவிட நல்ல பயிற்சி. பென்சில் பிடியைப் பற்றி ஒரு வார்த்தை: ஆரம்ப வருடங்களில் எல்லாப் பிள்ளைகளின் பிடியையும் மாற்றப் பாடுபட்டேன். இப்போது, வலி இல்லாமல் வேகமாக எழுதினால் எந்தப் பிடியையும் தொடுவதில்லை.

பதிலை முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்துகொண்டு, வாக்கியம் வாக்கியமாகக் கேட்டு எழுதட்டும். யோசிப்பதும் எழுதுவதும் இரண்டு தனி வேலையாகிவிட்டால் சுமை பாதி குறையும்.

ஆசிரியரிடம் நாலு பேர் முன்னால் பேசாதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படும் பாடு எனக்குத் தெரியும். தனியாகப் பார்த்து இரண்டே கேளுங்கள்: கேள்வியை எழுதாமல் பதிலை மட்டும் எழுதலாமா? நீளமான குறிப்புகளுக்கு ஜெராக்ஸ் ஒட்டிக்கொள்ளலாமா? அந்தப் பையனின் ஆசிரியர் இரண்டுக்கும் சம்மதித்தார். வாரம் ஒருமுறை வாய்மொழியாகவும் கேள்வி கேட்டார். மூன்று மாதத்தில் கையெழுத்து பெரிதாக மாறிவிடவில்லை. காலையில் வயிற்றுவலி என்று அழுவது நின்றுவிட்டது. எனக்கு அதுதான் பெரிய மாற்றமாகத் தெரிந்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. டிஸ்கிராஃபியாவும் அதற்குள் வரும். முறையான சோதனையும் சான்றிதழும் பொதுவாக மூன்றாம் வகுப்பு, எட்டு வயது வாக்கில்தான். அதற்கு முன்னால் எழுத்து தடுமாறுவது இயல்பு என்பதால் அவசரப்பட மாட்டார்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரம்.

இதைப் பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடிவந்து கேட்கும் பெற்றோரைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. சோதனை, மருத்துவக் குழு, பள்ளி வழியாக விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பழைய நோட்டுகளைப் பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். பாதி எழுதிய, சிவப்பு மை விழுந்த நோட்டுகளைத்தான் முதலில் பார்க்கக் கேட்போம்.