ஷாம்பூவுக்குள் அலை எவ்வளவு வேகமாக ஓடும்?

உள்ளே இருப்பது கண்ணாடி போலத் தெரிகிற ஷாம்பூ பாட்டில் ஒன்றை எடுத்து, அதில் மாட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குமிழியைப் பார்த்தபடி பாட்டிலைச் சட்டென்று திருகி நிறுத்துங்கள். பல ஷாம்பூக்களில் குமிழி கொஞ்ச தூரம் போய், நின்று, வந்த வழியே சற்றுப் பின்வாங்கும். தண்ணீரில் இப்படி நடக்காது. பின்வாங்குகிறது என்றால் ரப்பர் மாதிரி ஏதோ ஒன்று உள்ளே இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். நிஜமாகவே அங்கே சோப்பு மூலக்கூறுகள் புழுப் புழுவாக நீளமாய்ச் சேர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இப்படிப் பாகாகவும் ரப்பராகவும் ஒரே நேரத்தில் நடந்துகொள்ளும் திரவங்களில்தான் குறுக்கலை ஓடும், அதாவது அலை முன்னே போக, திரவம் பக்கவாட்டில் ஆடும். ஒலி எல்லாத் திரவத்திலும் போகும், ஏனென்றால் அது அமுக்கிப் போகிற அலை. பக்கவாட்டு ஆட்டம் அப்படியில்லை, இழுத்த அடுக்கைத் திரும்ப இழுக்க யாராவது வேண்டும். தண்ணீருக்குள் ஒரு தகட்டை விநாடிக்கு 50 முறை பக்கவாட்டில் ஆட்டினால், தகட்டிலிருந்து 0.08 மில்லிமீட்டர் தள்ளிப் போவதற்குள்ளேயே ஆட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் சுருங்கிவிடுகிறது. அதை அலை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்.

சரி, வேகத்தை ஏன் அளக்க வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் திரவத்தின் விறைப்புக் குணகம், அதாவது பக்கவாட்டில் இழுத்தால் அது எவ்வளவு எதிர்க்கிறது என்கிற அளவு, கிடைத்துவிடும் என்பதால்தான். விசையை அளக்க வேண்டாம், ஸ்கேலும் கடிகாரமும் போதும். குணகம் 25 பாஸ்கல், அடர்த்தி தண்ணீர் அளவு என்றால் வேகம் விநாடிக்கு சுமார் 16 சென்டிமீட்டர்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேனியல் ஜோசப்பும் அவருடன் இருந்தவர்களும் 1986-இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவே இருக்கும் இடைவெளியில் திரவம். ஓர் உருளையைத் திடீரென்று உதைத்துத் திருப்பிவிட்டு, மற்றது எப்போது அசைகிறது என்று பார்க்க வேண்டும். இடைவெளியை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

ஆனால் ஒரு சந்தேகம் வர வேண்டும். சாதாரணத் தண்ணீரை ஊற்றினாலும் கொஞ்ச நேரம் கழித்து மற்ற உருளை அசையத்தானே செய்யும்? செய்யும். அது அலை வந்து சேர்ந்ததல்ல, அசைவு மெல்ல விரவி வந்தது. இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது: இடைவெளியை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். அலை என்றால் நேரமும் இரட்டிப்பாகும், மேலே சொன்ன திரவத்தில் 10 மில்லிமீட்டருக்கு சுமார் 63 மில்லிவிநாடி, 20-க்கு 126. விரவல் என்றால் நேரம் நான்கு மடங்காகும், தண்ணீரில் 1 மில்லிமீட்டருக்கு விநாடிக் கணக்கு, 10 மில்லிமீட்டருக்கு நூறு விநாடிக் கணக்கு. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரே இடைவெளியில் அளந்து வேகம் இவ்வளவு என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

உதையும் சட்டென்று முடிய வேண்டும். அலை கடக்க 63 மில்லிவிநாடிதான் என்னும்போது உதைக்கவே 50 எடுத்துக்கொண்டால் எதை அளப்பது? அப்புறம், இந்தத் திரவங்களுக்கு ஞாபகமறதி உண்டு. பின்னல்கள் அவிழ்ந்து மறுபடி பின்ன ஆகும் நேரத்துக்குள் அலை போய்ச் சேராவிட்டால் வழியிலேயே கரைந்துவிடும்.

இன்னொரு முறை கண்ணுக்கு விருந்து. புழு போன்ற மிசெல்கள் (முதலில் சொன்ன சோப்பு மூலக்கூறுக் கூட்டங்கள்) உள்ள கரைசலை, ஒன்றின் வழியே வந்த ஒளியை மற்றது தடுக்கும்படி குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளுக்கு நடுவே நிறுத்தி, உள்ளே ஒரு தகட்டைத் தொடர்ந்து ஆட்டினால், இழுபட்ட இடத்தில் மிசெல்கள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து ஒளியைக் கடத்திவிடும். இருட்டில் வெளிச்சப் பட்டைகள் வரிசையாக நகர்ந்துபோவது தெரியும். படம் எடுத்து, ஸ்கேல் வைத்து அலைநீளத்தை அளந்து, அதிர்வெண்ணால் பெருக்க வேண்டியதுதான். விநாடிக்கு 30 ஆட்டம் என்றால் நம் திரவத்தில் அலைநீளம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடப்பக்கம் இழுபட்டாலும் வலப்பக்கம் இழுபட்டாலும் ஒரே வெளிச்சம்தான், ஆகவே ஓர் அலைநீளத்துக்கு இரண்டு பட்டைகள் விழும். பட்டைக்குப் பட்டை அளந்து அதுதான் அலைநீளம் என்று எழுதிவிட்டால் வேகம் பாதியாகும், வர்க்கம் எடுக்கிறோம் என்பதால் குணகம் கால்வாசியாகிவிடும். பாத்திரம் சிறியது என்றால் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும் அலையும் வந்து கலந்து பட்டைகளைக் குழப்பும்.

கல்லீரல் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் எலாஸ்டோகிராஃபியும் இதே கணக்குதான். விலா எலும்புகளுக்கு நடுவே தோலில் ஒரு சின்னத் தட்டல், உள்ளே குறுக்கலை ஓட, அதை அல்ட்ராசவுண்டு துரத்திப் பிடிக்கிறது. வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர் என்றால் யங் குணகம் (நீட்டி இழுக்கும்போது காட்டும் விறைப்பு, இங்கே நம் விறைப்புக் குணகத்தைப் போல் மூன்று மடங்கு) சுமார் 5 கிலோபாஸ்கல், 2 மீட்டர் என்றால் 12.