பிழையைப் பிடித்தாயிற்று, ஆளைப் பார்த்தாயா?

போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில் எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் கண்ணை மூடி ஜெபித்தார். "பிதாவே, எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்." சுற்றி இருந்தவர்கள் "ஆமென்" சொன்னோம். ஒரு தம்பி மட்டும் சொல்லவில்லை. அவன் கையில் போன் இருந்தது, பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவே 38 விநாடி ஆடியோ சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. கீழே ஒரு வரி: "இது சபெல்லியுவின் துர்உபதேசம். மூப்பர்கள் ஏன் மௌனம்?"

பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்று கற்பித்த பழங்காலப் போதகன் சபெல்லியு. அந்த அம்மாவுக்கு அவன் யாரென்றே தெரியாது. பேரன்தான் படித்துக் காட்டியிருக்கிறான். அதற்கப்புறம் மூன்று கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. நான்காவதற்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் எழுந்து போனார்.

இருபது வருடத்துக்கு மேலாகப் போதக ஊழியத்தில் இருக்கிறேன். இந்த வருடத்தில் மட்டும் இப்படி நடப்பது நான்காவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். தம்பி சொன்னது சரி. சிலுவையில் மரித்தவர் குமாரன், பிதா அல்ல. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், பிரக்சேயா என்பவன் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டான் என்று விளாசியிருக்கிறார். சின்ன விஷயம் இல்லை இது. ஆனால் பிரக்சேயா யோசித்து, வாதாடி, அதையே உபதேசமாகப் பரப்பியவன். இந்த அம்மா "பிதாவே" என்று ஆரம்பித்து, நடுவில் இயேசுவை நினைத்து உருகி, யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை மறந்தவர். (களைத்துப்போன நாளில் மேடையிலிருந்து நானும் இதே தவறைச் செய்திருக்கிறேன். என்னை யாரும் பதிவுசெய்து போடவில்லை.)

கள்ளப்போதகர்களைப் பற்றி வேதத்தில் இருப்பதிலேயே காட்டமான நிருபங்களில் ஒன்று யூதா எழுதியது. அதன் முடிவில் அவரே, "பகுத்தறிவுள்ளவர்களாயிருந்து, சிலருக்கு இரக்கம் பாராட்டி" என்கிறார். வேறு சிலரை அக்கினியிலிருந்து இழுத்துவிடச் சொல்கிறார். எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை. நாக்குத் தவறியவர் உண்டு, தவறாகக் கற்பிக்கப்பட்டவர் உண்டு, தெரிந்தே மற்றவரைக் கெடுக்கிறவர் உண்டு. உபதேசத்தைச் சல்லடையில் சலிக்கிறவர்கள் எதிரே நிற்கும் ஆள் இந்த மூவரில் யார் என்று பார்ப்பதே இல்லை. என் ஆதங்கம் முழுக்க இங்கேதான்.

தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். எல்லாரும் சொல்கிற பதிலையே அவனும் சொன்னான். "பாஸ்டர், பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகத்தானே கண்டித்தார்?"

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை இவ்வளவு பேர் எடுத்து வீசுகிறார்கள். உட்கார்ந்து படித்தவர்கள் எத்தனை பேரோ. சரி, இப்போது படிப்போம்.

பதினோராம் வசனத்தில் "முகமுகமாய்" எதிர்த்தேன் என்கிறார் பவுல். அதாவது பேதுரு அங்கே இருந்தார். அவர் கண்ணைப் பார்த்துத்தான் பவுல் பேசினார். பிற்பாடு கலாத்தியருக்கு அதைக் கடிதத்தில் எழுதினாரே என்பீர்கள். ஆமாம், நேரில் சொல்லி முடித்த பிறகு எழுதினார். யாரைக் கண்டித்தார்? தூண்களாக எண்ணப்பட்டவர்களில் ஒருவரை. விசுவாசத்துக்கு வந்து ஆறு மாதமான ஒருவரை அல்ல. எதற்காக? புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாகூட இழுப்புண்டார். தவறு எல்லார் கண்முன்னாலும் நடந்தது. தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. ஒரே சபை இரண்டு பந்தியாகப் பிரிந்துகொண்டிருந்தது. கிறிஸ்துவை விசுவாசித்தால் போதுமா, யூதனாகவும் மாறவேண்டுமா என்ற கேள்வியே அங்கே தொங்கியது. அதனால் எல்லாருக்கும் முன்பாகப் பேசவேண்டியிருந்தது.

ஒரு அதிகாரம் முன்னால் போங்கள். 1:18-ஐ யாருமே மேற்கோள் காட்டுவதில்லை. பவுல் பேதுருவைப் பார்க்க எருசலேமுக்குப் போய், அவரிடத்தில் 15 நாள் தங்கியிருந்தார். அப்படிப் பழகிய மனுஷனைத்தான் வருடங்கள் கழித்து எதிர்த்து நின்றார். நான் தம்பியிடம் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "பின்வரிசை ஆன்ட்டிதானே" என்றான்.

மேடையில் போதித்த பிழையை மேடையில்தான் திருத்தவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அப்போஸ்தலர் 18-ஐப் படிக்கட்டும். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவர். எபேசு ஜெப ஆலயத்தில் எல்லாரும் கேட்கப் பேசினார். ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் நடுக்கூட்டத்தில் எழுந்து நின்று மறுக்கவில்லை. "அவனைச் சேர்த்துக்கொண்டு" அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள். அதே அப்பொல்லோ அடுத்து அகாயாவுக்குப் போய், விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருந்தார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அதானே, எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் அன்பு" என்று யாராவது தலையாட்டினால், அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்கிற மத்தேயு 7:1-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனம் வரைக்குமாவது வாசியுங்கள். கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று அதே வாய்தான் சொல்லியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர், சிறுவயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர், ஊசியை நிறுத்தினார். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று ஒரு பிரசங்கியார் வாராவாரம் போதித்ததைக் கேட்டு வந்த துணிச்சல். அவர் நிறுத்தியது சபையில் பத்துப் பேருக்காவது தெரியும். எனக்கும் தெரியும். விசுவாசத்தைக் குலைக்கக்கூடாது, மனசு புண்படும் என்று நாகரிகமாக இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு, தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்துக்கொண்டார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "ஐயா, உங்களுக்குத் தெரியும்தானே?"

தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் பவுல். தன் கூட இருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று எழுதியவரும் அவர்தான். இதை அந்தச் சகோதரருக்கு எடுத்துக்காட்டக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை நான் கொடுக்கவில்லை. அப்புறம்தான் இரண்டு மூப்பர்களோடு போய் அந்தப் பிரசங்கியாரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கேட்டார், அடுத்த வாரமும் அதையே போதித்தார். மறுபடியும் போனோம். பிறகு, வேதப்புரட்டனுக்கு "இரண்டொருதரம்" புத்திசொல், பிறகு விட்டு விலகு என்று தீத்துவுக்குப் பவுல் சொன்னாரே, அந்த இரண்டு தரமும் முடிந்துவிட்டது என்று, அவர் பெயரைச் சொல்லியே சபையை எச்சரித்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. தாமதித்ததில்தான் வருத்தம். நீங்கள் எந்தச் செய்தியைக் கேட்டிருந்தாலும் சரி, மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் எபேசு சபை கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு வாங்குகிறது. ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டதற்குத் திட்டும் வாங்குகிறது. தியத்தீராவிடம் அன்பு இருந்தது, ஊழியம் இருந்தது. தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட யேசபேலைப் போதிக்க விட்டதற்குத் திட்டு. நாம் ஒரே வாரத்தில் இரண்டு சபையாகவும் இருக்கிறோம். பின்வரிசை அம்மாவிடம் எபேசு, பெரிய காணிக்கை கொடுக்கிறவரிடம் தியத்தீரா.

உபதேசத்தில் விட்டுக்கொடுக்காமல் நடத்தைக்கு மட்டும் மன்னிப்பு கேட்கமுடியுமா என்றால், முடியும். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்பதுதான் முன்குறித்தல் உபதேசம். 1739-இல் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி அதற்கு எதிராகப் பிரசங்கித்து, அந்தப் பிரசங்கத்தை அச்சிட்டும் வெளியிட்டார். அவருடைய நண்பரும் சக பிரசங்கியாருமான ஜார்ஜ் விட்ஃபீல்ட் 1740 டிசம்பரில் எழுதிய பதில் அடுத்த வருடம் அச்சேறியது. அதில் வெஸ்லி சீட்டுப்போட்டுப் பார்த்த ஒரு தனிப்பட்ட சங்கதியையும் போட்டு உடைத்திருந்தார். பிற்பாடு அதை வெளியிட்டது தவறு என்று மன்னிப்பு கேட்டார். முன்குறித்தலைப் பற்றிய கருத்திலோ இருவரும் கடைசிவரை அசையவில்லை. 1770-இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

சரி, அடுத்த தடவை யாராவது தவறாகப் பேசுவது காதில் விழுந்தால் என்ன செய்வது? முதலில் போனைக் கீழே வையுங்கள். துண்டு வீடியோவை நம்பி யாரையும் வேதப்புரட்டன் என்று அழைக்காதீர்கள், முழுச் செய்தியையும் கேளுங்கள். பிறகு ஆளிடமே போய், "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேளுங்கள். அவருடைய கருத்தை நீங்கள் சொல்ல, அவர் "ஆமாம், அதேதான்" என்று ஒத்துக்கொள்ளும்வரை மறுப்பை ஆரம்பிக்காதீர்கள். என் அனுபவத்தில் நிறைய விஷயம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். சரியாகக் காதில் வாங்காததால் வரும் பிழைதான் அதிகம். ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் எழுதியதை அனுப்பாதீர்கள். குழுவில் எதையும் போடாதீர்கள்.

விஷயத்தின் எடையையும் பாருங்கள். கிறிஸ்து யார், எதனால் இரட்சிப்பு என்பதில் பிழை என்றால் விடக்கூடாது. ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்த நாளை விசேஷித்துக்கொள்வது என்பதற்கெல்லாம், ஒருவரையொருவர் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்கிற ரோமர் 14 போதும். இந்த இடத்தில் உடனே ஒருவர், "அடிப்படைகளில் ஒற்றுமை, மற்றவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு என்று அகஸ்டின் சொன்னார்" என்பார். அகஸ்டின் சொல்லவில்லை ஐயா. அது 17-ஆம் நூற்றாண்டுச் சங்கதி. பிழைபிடிக்கிறவர்களே அதைத் தப்பான பெயரில் போடுவதைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கலாத்தியர் 6:1-இல் தவறினவனைச் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று இருக்கிறதல்லவா, யாக்கோபும் யோவானும் படவில் வலைகளைப் பழுதுபார்த்தார்களே, கிரேக்கத்தில் அங்கேயும் இதே வினைச்சொல்தான். கிழிந்த இடத்தை விரலால் தேடி முடிச்சுப் போடுகிற வேலை. அதற்கு மடியில் வலை வேண்டும், பொறுமை வேண்டும். தயவுசெய்து அந்த வேலைக்கு வாருங்கள்.

அந்த அம்மாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். "நான் சாமியைத் தப்பாகப் பேசிவிட்டேனா ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார். பிதாவிடம், குமாரனுடைய நாமத்தில், ஆவியானவரின் துணையோடு ஜெபிக்கிறோம் என்று சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "நாற்பது வருஷமாக வருகிறேன், இதை யாரும் சொல்லித்தரவில்லையே" என்றார். அதில் இருபது வருடம் என் கணக்கு.

தம்பியிடம் நேரில் போய் மன்னிப்பு கேட்கச் சொல்லியிருக்கிறேன். "என்ன பாஸ்டர் சொல்வது?" என்றான். முதலில் பெயரைக் கேள், குழுவில் போட்டது தப்பு என்று சொல், குறிப்புநோட்டை எடுத்துக்கொண்டு போகாதே என்றேன். இரண்டு வாரமாகிறது. இன்னும் போகவில்லை.