ப்ரொன்ஸெட்டோ: வெண்கலச் சிற்றுரு

ப்ரொன்ஸெட்டோ இத்தாலியச் சொல். ப்ரொன்ஸோ என்றால் வெண்கலம். கடைசியில் ஒட்டியிருக்கும் ‘எட்டோ’ சிறுமையைக் காட்டும் விகுதி. லிப்ரோ புத்தகம், லிப்ரெட்டோ குட்டிப் புத்தகம் என்பதுபோல. பன்மையில் ப்ரொன்ஸெட்டி.

ப்ரொன்ஸோ எங்கிருந்து வந்தது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. ரோமானியர் காலத்தில் வெண்கலக் கண்ணாடிக்குப் பேர்போன பிரிண்டிசி நகரின் பெயர்தான் மூலம் என்பது ஒரு கட்சி. பித்தளையைக் குறிக்கும் பாரசீகச் சொல் ‘பிரிஞ்ச்’ என்பது மறு கட்சி.

கலை வரலாற்றில் இந்தச் சொல் முக்கியமாகக் குறிப்பது, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியில் வார்க்கப்பட்ட சிறு வெண்கல உருவங்களை. பெரும்பாலும் கிரேக்க, ரோமானியப் புராண மாந்தர்கள்: ஹெர்குலிஸ், வீனஸ், அப்பல்லோ, பாதி ஆடும் பாதி மனிதனுமான சாட்டிர்கள். கோயிலுக்கோ நாற்சந்திக்கோ செய்தவை அல்ல. படித்த பணக்காரர் தன் அறையில் வைத்துக்கொண்டு, கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் செய்தவை.

புளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கும், சிற்பி பொல்லாயுவோலோவின் ‘ஹெர்குலிஸும் அன்டேயஸும்’ ஏறக்குறைய 1475-ஐச் சேர்ந்தது. அன்டேயஸ் பூமித்தாயின் மகன்; கால் மண்ணில் பட்டிருக்கும்வரை அவனை வெல்ல முடியாது. அதனால் ஹெர்குலிஸ் அவனை இடுப்போடு கட்டித் தூக்கி நெரிக்கிறான். அன்டேயஸின் வாய் அலறலில் திறந்திருக்கிறது, கால்கள் காற்றில் உதைக்கின்றன. பீடத்தோடு சேர்த்தே ஒரு முழம்தான் இருக்கும். எந்தப் பக்கம் நின்றாலும் ஏதோ ஒரு கையோ காலோ பின்னால் மறைந்துகொள்ளும்; சுற்றிவந்தால்தான் சண்டை முழுசாகப் புரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் பாதி சுகம் போச்சு.

மாண்டுவா அரசவையில் இருந்த பியர் ஜாகோபோ அலாரி பொனகோல்சி என்ற சிற்பிக்கு, பழைய சிலைகளின் மேலிருந்த பித்தால் ‘ஆன்டிகோ’ (பழமையானவர்) என்றே பெயர். வத்திக்கானில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் சலவைக்கல் அப்பல்லோவை நாற்பது சென்டிமீட்டர் சொச்சத்துக்குச் சுருக்கி வார்த்தார். கரிய உடல், பொன்முலாம் பூசிய தலைமுடி, வெள்ளி பதித்த கண். வார்ப்பில் மெழுகு மாதிரி உருகிப்போனாலும் அச்சு மிஞ்சும் முறையைக் கையாண்டவர் என்பதால், பல ஆண்டுகளுக்கு முன் செய்த உருவங்களை மறுபடி வார்த்துத் தருவதாக 1519-இல் மாண்டுவா அரச குடும்பத்து இசபெல்லா டெஸ்டேவுக்கு அவரால் எழுத முடிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘செப்புத் திருமேனி’ கூடாது. அது வழிபாட்டுக்கு உரியது. அபிஷேகமும் புறப்பாடும் காண்பது. மெழுகு வார்ப்பு என்ற தொழில் இரண்டுக்கும் பொது என்பதற்காகப் பெயரையும் பொதுவாக்க முடியாது. ‘சிறு வெண்கலச் சிலை’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் சிலை என்ற வடசொல்லுக்கு முதல் பொருள் கல். வெண்கலக் கல்லா என்று யாராவது கேட்டால் சிரித்து வைக்கலாம்; வழக்கில் அந்தப் பொருள் எப்போதோ தேய்ந்துவிட்டது. ‘பாவை’ அழகான சொல்தான், ஆனால் ஹெர்குலிஸைப் பாவை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் தேர்வு ‘வெண்கலச் சிற்றுரு’. சிற்றுண்டி, சிற்றூர் வரிசையில் ‘எட்டோ’ செய்யும் வேலையை ‘சிற்று’ செய்துவிடுகிறது. இந்த உருக்கள் சிலவற்றின் உலோகத்தில் துத்தநாகம் தூக்கலாக இருக்கும். கறாராகப் பார்த்தால் அவை பித்தளை. இத்தாலியர்களே அதைக் கண்டுகொள்ளாதபோது நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? அப்புறம், படுவா நகரச் சிற்பி ரிச்சோ செய்த சாட்டிர்கள் போல மைக்கூடாகவும் விளக்காகவும் புழங்கியவை உண்டு. அவற்றை மைக்கூடு, விளக்கு என்றே சொல்லிவிடலாம்.