பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ இருக்கிறதா? வளைகுடா வேலைக்குப் பணம் கட்டுமுன் பாருங்கள்

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் பத்தாம் வகுப்பு பாஸ். மார்க் ஷீட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த அன்று பிரவுசிங் சென்டர்காரர், ஆதார் போதும் என்று சொல்லி, ‘நான்-ஈசிஆர் தகுதி உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அழுத்திவிட்டார். வந்த பாஸ்போர்ட்டில் ‘எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு’ (குடிபெயர்வுச் சோதனை தேவை; இதன் சுருக்கம்தான் ஈசிஆர்) என்று அச்சாகியிருந்தது. வீட்டில் எல்லோரும் போட்டோ எப்படி விழுந்திருக்கிறது என்றுதான் பார்த்தோம். சவுதி விசா வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

விசா என்பது அந்த நாடு கொடுப்பது. ஈசிஆர்காரர்களுக்கு வேண்டிய குடிபெயர்வு அனுமதி நம் நாடு கொடுப்பது. விசா கையில் இருந்தாலும் இந்த அனுமதி இல்லையென்றால் சென்னை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, படிப்புக் குறைந்த தொழிலாளிகள் போய் ஏமாறக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது.

எல்லா நாட்டுக்கும் இது கிடையாது. பட்டியலில் இருப்பவை 18 நாடுகள். சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறும் உண்டு. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான் போன்றவையும் உண்டு. சிங்கப்பூர் இல்லை. அதேபோல, வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்த அனுமதி. மகனைப் பார்க்க விசிட் விசாவில் துபாய் போகும் அம்மாவுக்குத் தேவையில்லை.

இங்கேதான் சில ஏஜென்ட்டுகள் வேலையைக் காட்டுவார்கள். “விசிட்ல போயிடு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்” என்பார்கள். அப்படிப் போனால் பதிவான வேலை ஒப்பந்தம் இருக்காது, காப்பீடு இருக்காது. சம்பளம் நின்றால் எதைக் காட்டிப் புகார் செய்வது?

சரி, யாருக்கு ஈசிஆர் வராது? பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், ஏற்கெனவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. இதில் ஒன்று பொருந்தினாலும் ஆதாரத்தைக் காட்டி, ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கலாம். இது ‘ரீ-இஷ்யூ’ விண்ணப்பம். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, வேலூர் தலைமை அஞ்சலகத்தில் இருக்கும் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். மார்க் ஷீட் ஒரிஜினலையும் பழைய பாஸ்போர்ட்டையும் மறக்காமல் கொண்டு போங்கள். மார்க் ஷீட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று முதல் நாளே பாருங்கள். இனிஷியல் தகராறில் ஒரு நாள் வீணாகும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் எட்டாவதோடு நிறுத்திவிட்டுத் தோல் ஷாப்புக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அனுமதி வாங்குவதுதான் வழி. பயப்பட ஒன்றுமில்லை. பதிவு பெற்ற ஏஜென்ட்டோ, வேலைக்கு எடுக்கும் கம்பெனியோ மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், அப்புறம் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு ஆகியவை வேண்டும். காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் கிடைக்கும். ஒரு பிரியாணிச் செலவுக்கு இப்படி ஒன்று கிடைப்பது எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. நம்மூரில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஏஜென்ட்டின் உரிம எண்ணை வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடலாம்.

ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு விதி இன்னும் கடுமை. இந்த நாடுகளில் வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். தனியார் ஏஜென்ட் வழியாகப் போக முடியாது. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

சந்தேகம் கேட்க மத்திய அரசின் இலவச எண் 1800 11 3090.